மூன்றாவது துண்டின் மேல்பக்கம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டீர்கள், மேடம். சேறு பார்க்கிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. பெண் கேட்டுப் போனபோது என் மாமனாரும் இதே கேள்வியைத்தான் கேட்டார், நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். உடனே மகளை உள்ளே கூப்பிட்டு இன்னொரு தடவை யோசிக்கச் சொன்னார். அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கே நல்லதாகப் போயிருக்கும்.

கடலடிச் சேறு, மேடம். கப்பலில் போய் ஒரு நீளமான குழாயைக் கடலின் தரைவரை இறக்குவோம். அது தன் கனத்திலேயே சேற்றுக்குள் குத்தி நிற்கும். இழுத்தால் குழாய் நிறையச் சேறு வரும். அதற்கு எங்கள் பாஷையில் கோர் என்று பெயர். மேலே இருப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு. எங்கள் சாஸ்திரமே அவ்வளவுதான். மற்றதெல்லாம் சம்பளத்தை நியாயப்படுத்த நாங்களாகச் சேர்த்துக்கொண்டது.

கடலின் மேல்மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் பிறந்து சாகின்றன. அவற்றின் ஓடுகள் ஓயாமல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். கடல் செழித்த காலத்தில் அடுக்கு வெளிறிப் படியும், சோர்ந்த காலத்தில் கறுத்துப் படியும். அந்த ஓட்டை ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சோதித்தால், அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, எவ்வளவு புளிப்பு என்பதுகூடத் தெரியும். பொறுமை வேண்டும். என் மனைவி ஒருநாள் ஆய்வகத்துக்கு வந்து இதைப் பார்த்துவிட்டு, "வீட்டுல ஒரு படி அரிசியில கல்லு பொறுக்கச் சொன்னா மட்டும் இடுப்பு வலிக்குதுன்னு சொல்றீங்களே" என்று கேட்டாள். 

ஒரே ஒரு தொல்லை, புழு. பிராணவாயு இருக்கும் கடலடியில் புழு இருக்கும். புழு சும்மா இருக்காது. கிளறும், குடையும், பத்து நூற்றாண்டை ஒன்றாகப் பிசைந்து வைக்கும். பிராணவாயு இல்லாத கடலடியில் அந்தத் தொல்லை கிடையாது. அங்கே அடுக்குகள் இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அமைதியாகக் கிடக்கும். என் கோர் அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தது. காற்றில்லாத இடத்தில்தான் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று மாணவர்களுக்கு வருடா வருடம் சொல்லிக்கொடுத்தேன். அதைச் சொன்னதற்கெல்லாம் கேஸ் போட முடியாது, இல்லையா?

கோரை அப்படியே தூக்க முடியாது. ஆள் சுமக்கிற நீளத்துக்குத் துண்டு போடுவோம். ஒவ்வொரு துண்டுக்கும் மேல்பக்கத்தில் நீல மூடி, கீழ்ப்பக்கத்தில் வெள்ளை மூடி. பிறகு நீளவாக்கில் இரண்டாகப் பிளப்போம். ஒரு பாதி வேலைப் பாதி. அதில் ஆளாளுக்கு ஸ்பூன் விட்டு மாதிரி எடுப்பார்கள். இன்னொன்று பத்திரப் பாதி. அதை யாரும் தொடக்கூடாது. பின்னாளில் எவருக்காவது சந்தேகம் வந்தால் பார்க்கட்டும் என்று வைப்பது. சந்தேகமே வராது என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் வைக்கிறோம், அது வேறு விஷயம்.

என் கோரின் மூன்றாவது துண்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள், பாடத்தில் இருக்கிறது. வெகு காலத்துக்கு முன்னால் ஒரு கடல் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது, ஏறத்தாழச் செத்தே போனது, பிறகு சட்டென்று உயிர் பிழைத்துச் செழித்தது. அதைக் கண்டுபிடித்தது நான். இந்தத் துண்டிலிருந்து. கடல் மெல்லத் தளரும், ஆனால் விட்டுவிட்டால் சட்டென்று எழுந்துவிடும் என்று உலகத்துக்குச் சொன்னேன். நல்ல சேதி அல்லவா? தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். போகிற இடமெல்லாம் மேடை, சால்வை, மாலை. மாலை போட்டவர்களில் பாதிப் பேர் கடலைக் கெடுக்கிற ஆலைகளை நடத்துகிறவர்கள். கடல்தான் தானே எழுந்துவிடுமே, அவர்களுக்கு என்ன கவலை?

இப்போது என் மச்சினனைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்காகத்தானே இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

என் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தான். ஆய்வகத்தில் அவனுக்கு நோண்டி என்று பெயர். நான் வைத்ததுதான். எதைக் கண்டாலும் நோண்டுவான். சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தால் மீதியையும் உரிப்பான். கடிகாரம் நன்றாக ஓடினால் ஏன் நன்றாக ஓடுகிறது என்று திறந்து பார்ப்பான். எங்கள் வேலைக்கு அப்படி ஒருவன் வேண்டும் என்று சிபாரிசு செய்து சேர்த்துவிட்டதும் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அவனை எனக்குப் பிடிக்கும், மேடம். இதைப் பூசி மெழுகவில்லை. சாப்பாட்டு மேசையில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்போம். "மாமா, நீங்க கண்டுபிடிச்ச கடல் செத்துப் பொழைச்சுது சரி, அக்கா வெச்ச குழம்புல இருக்கற மீன் பொழைக்குமா?" என்பான். அவள் கரண்டியை ஓங்குவாள். நான் அவனுக்குப் பரிந்து பேசுவதுபோல நாலு போட்டுக்கொடுப்பேன். வீடு வீடாக இருந்தது.

அவன் வேலைப் பாதியை நோண்டியதில்தான் வினை வந்தது. மூன்றாவது துண்டின் வேலைப் பாதி இத்தனை வருடத்தில் மாதிரி எடுத்தெடுத்து ஓட்டையும் ஒடிசலுமாகிவிட்டது. மூலையில் ஒரு காய்ந்த துணுக்கு மிச்சம். அதைப் போய் உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரோடு என் அறைக்கு வந்தான். டம்ளரில் மணலும் சேறும் கலந்த தண்ணீர். மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"மாமா, இதைக் கொஞ்ச நேரம் ஆட்டாம விட்டா எது முதல்ல அடியில போகும்?"

"மணல் போகும். அப்புறம் சேறு. இதை எனக்கு எடுத்துச் சொல்ல உனக்குச் சம்பளம் குடுக்கறாங்களா?"

"கடல்ல சரிவு ஏற்பட்டு எல்லாம் கலங்கினாலும் அதே கதைதானே? மணல் கீழ, சேறு மேல?"

"ஆமாடா."

"அந்தத் துணுக்குல மணல் மேல இருக்கு மாமா. சேறு கீழ இருக்கு."

சேறு பார்க்காதவர்களுக்கு இது ஒன்றுமில்லாத பேச்சு. ஆனால் அதன் பொருள் ஒன்றுதான், மேடம். துண்டு தலைகீழாக இருக்கிறது என்கிறான். நீல மூடி கீழ்ப்பக்கத்திலும் வெள்ளை மூடி மேல்பக்கத்திலும் போயிருக்கிறது என்கிறான். அப்படியானால் கடல் மெல்ல மெலிந்து சட்டென்று பிழைக்கவில்லை. சட்டென்று செத்து, பிறகு மெல்ல மெல்லத் தேறியிருக்கிறது.

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கரைக்கவில்லை. காய்ந்த துணுக்கு சுருங்கும், புரளும், அதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது என்றேன். அவனும் ஒப்புக்கொண்டான். அதனால்தான் பத்திரப் பாதியைத் திறந்து பார்க்க வேண்டும் என்றான். அதில் அந்த அடுக்கு ஈரம் மாறாமல் முழுசாக இருக்கும், ஒரு பார்வை போதும் என்றான். அந்தத் துண்டின் வயதை நேராகக் கணிக்க முடியாத அளவுக்கு அது பழசு, ஆகவே வேறு வழியும் இல்லை.

மூடி போட்டது யார் என்று கேட்பீர்கள். நான்தான். அன்று கடல் ஒரே ஆட்டம். கப்பலில் பாதிப் பேர் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். வெட்டிய துண்டு என் கையிலிருந்து நழுவித் தளத்தில் உருண்டது. உண்மை. கம்பியில் மோதி ஒரு சுற்றுச் சுற்றியது. அதுவும் உண்மை. ஓடிப்போய்ப் பிடித்து மூடி போட்டேன். குழாயின்மேல் அம்புக்குறி போடுகிற பழக்கமெல்லாம் பிறகு வந்தது. ஆனால் எது மேல் எது கீழ் என்று எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைத் தலையா காலா என்று தடவிப் பார்த்தா தூக்குவார்கள்?

ஒரு வாரம் பிடி கொடுக்காமல் நழுவினேன். சாவி கிடைக்கவில்லை, இயக்குநர் ஊரில் இல்லை, எனக்கு முதுகு வலி. அவன் மாடியிலிருந்து தைலம் எடுத்து வந்து முதுகில் தேய்த்துவிட்டான். தேய்த்துக்கொண்டே சொன்னான்.

"மாமா, ஒருவேளை தப்பா இருந்தா நாம ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லிடலாம். அவரே கண்டுபிடிச்சாரு, அவரே திருத்தினாருன்னு பேரு வரும். எம்பேரு ரெண்டாவதா இருந்தாப் போதும். இல்லாட்டியும் பரவாயில்ல."

எவ்வளவு நல்ல பிள்ளை பாருங்கள்.  அந்த நிமிடம்தான் முடிவு செய்தேன். கெட்டவனாக இருந்திருந்தால் பேசிச் சரிக்கட்டியிருக்கலாம். பதவி, பயணம், ஏதாவது கேட்டிருப்பான். நல்லவனுக்கு என்னத்தைக் கொடுப்பது?

பத்திரப் பாதிகள் இருக்கும் அறையைத் தூங்கும் அறை என்போம். குளிர் அறை. உள்ளே சாதாரணக் காற்று கிடையாது, முழுக்க நைட்ரஜன். பிராணவாயு பட்டால் கரும் சேறு பழுப்பாகிக் கெட்டுவிடும். யாராவது உள்ளே போக வேண்டுமானால் முதலில் அதை வெளியேற்றி நல்ல காற்றை நிரப்ப வேண்டும். கதவருகே உள்ளே பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் ஒரு மானி உண்டு. அது சரி என்று காட்டிய பிறகுதான் போகலாம். தனியாகப் போகக் கூடாது, கதவுக்கு வெளியே ஒருவர் நிற்க வேண்டும். அவருக்கு வாசல் ஆள் என்று பெயர்.

இன்னொரு வழக்கம் எங்களிடம் மட்டும் உண்டு. உள்ளே போனவர் வாயை மூடவே கூடாது. எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், வாசல் ஆள் "ம்" கொட்ட வேண்டும். பேச்சு நின்றால் ஆபத்து என்று அர்த்தம், உடனே இழுத்துப் போட வேண்டும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் வாய்பேசாத ஆளே கிடையாது. ஒருவர் வாய்ப்பாடு சொல்வார். ஒருவர் பாட்டுப் பாடுவார், அவர் போகும்போது மட்டும் வாசல் ஆள் வேலைக்கு யாரும் வரமாட்டார்கள். இயக்குநரைத் திட்ட வேண்டியவர்கள் எல்லாம் அங்கே போய்த்தான் திட்டுவார்கள். பாதுகாப்பு விதிப்படி திட்டுவது என்றால் தனி ருசி.

மானியைப் பழுது என்று சொல்லி அனுப்பிவைத்தது நான். அதில் பழுது எதுவும் இல்லை. "காத்து மாத்தியாச்சு, போ மாப்ளே" என்று சொன்னதும் நான். மாற்றவில்லை. காலை வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் கூட்டம் ஒன்றில் இருந்தார்கள். அவன் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவன் மாதிரி தலையைச் சீவிக்கொண்டான். "மூணாவது துண்டைப் பாக்கப் போறேன்ல, மரியாதை வேணாமா" என்றான். சிரித்தேன். சிரிப்பு வந்தது, சிரித்தேன்.

விதிப்படி பேசிக்கொண்டேதான் உள்ளே போனான். "மாமா, நேத்து அக்கா உங்களப் பத்தி ஒண்ணு சொன்னா, சொன்னேன்னு சொல்லிடாதீங்க, நீங்க தூக்கத்துல" என்றான். அவ்வளவுதான். அலமாரி வரைக்கும்கூடப் போகவில்லை.

அதில் வலி கிடையாது, மேடம். மூச்சு முட்டாது. மூச்சு வந்துகொண்டிருப்பதாகவே உடம்பு நினைத்துக்கொள்ளும். அவன் வருத்தப்பட்டிருக்க மாட்டான். நான் வாசல் ஆள் அல்லவா? என் வேலையை விடவில்லை. "ம், சொல்லு மாப்ளே" என்றேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் சொன்னேன். இனி பதில் வராது என்பது நிச்சயமான பிறகு காற்றை மாற்றினேன், உள்ளே போனேன். முதலில் மூன்றாவது துண்டைத்தான் பார்த்தேன். மூடி மூடியபடி இருந்தது. பிறகு மணியை அடித்தேன், கத்தினேன், அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அது நடிப்பில்லை. அப்படி அழுதது என் அப்பா போனபோதுகூட இல்லை.

தூக்கத்தில் நான் என்ன செய்கிறேன் என்று அவளிடம் கேட்கவும் முடியவில்லை.

விபத்து என்று எல்லோரும் நம்பினார்கள். மானி பழுது, வாசல் ஆள் பாவம், சொந்த மச்சினன். எனக்கு ஆறுதல் சொல்ல வரிசையில் நின்றார்கள். இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். என் மனைவி எனக்காகக் கஷாயம் போட்டாள், ராத்திரியெல்லாம் உறங்கவில்லை என்று. தம்பியைப் பறிகொடுத்தவள் எனக்குக் கஷாயம் போடுகிறாள். அது மட்டும் உள்ளே இறங்கவில்லை. மற்றபடி சாப்பிட்டேன்.

எதற்காகச் செய்தாய் என்று கேட்கிறீர்கள். கோருக்காக. பத்திரப் பாதியைத் திறந்தால் காற்றுப் படும், கெட்டுப்போகும். உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம். நம்பிக்கையோடு இருக்கிற ஜனங்களுக்காகவும்தான். கடல் சட்டென்று செத்துவிடும் என்று கேட்டால் எத்தனை பேர் மனசு உடைந்துபோவார்கள்? அவனுக்காகவும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாலு பேர் முன்னால் தப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு அவன் அசிங்கப்பட்டு நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்கு என்ன, மாலையெல்லாம் வாங்கியாயிற்று.

நீங்கள் ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். நான் எதற்கு மேடம் பார்க்க வேண்டும்? எனக்குத்தான் தெரியுமே.

மனசாட்சி உறுத்தித்தான் வந்தீர்களா என்று எழுத்தர் ஐயா கேட்டார். அப்படியே எழுதிக்கொள்ளட்டும், நன்றாக இருக்கிறது. ஆனால் நேற்று இரங்கல் கூட்டம் நடந்தது. இயக்குநர் பேசினார், பேசிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் கடைசியாக ஆசைப்பட்டது மூன்றாவது துண்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதுதான், அதை நாம் நிறைவேற்றுவோம், நாளைக் காலை எல்லோர் முன்னிலையிலும் திறப்போம் என்று அறிவித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. என் மனைவி என் தோளைத் தொட்டாள். "தம்பி ஆசைப்பட்டதுங்க. உங்க கையாலயே தெறங்க" என்றாள்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். பொழுது விடிந்ததும் நேரே இங்கே வந்துவிட்டேன். கொலை நடந்த அறை என்றால் பூட்டிச் சீல் வைத்துவிடுவீர்கள். உள்ளே இருக்கிற எல்லாம் சாட்சியப் பொருள். வழக்கு முடிகிற வரைக்கும் ஒருவரும் கை வைக்க முடியாது. வழக்கு முடிவதற்குள் நான் போய்விடுவேன், இயக்குநரும் போய்விடுவார், கேட்கிறவர்களும் மறந்துவிடுவார்கள். உங்கள் துறையின் வேகத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கோபித்துக்கொள்ளாதீர்கள், பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

என்ன சொன்னீர்கள்?

இல்லை, நீங்கள் புரிந்துகொள்ளவில்லை. சீல் வைப்பது பாதுகாக்கத்தானே? கொலைக்குக் காரணமே அந்தத் துண்டுதான் என்று நானே சொல்லிவிட்டதால் நிபுணர்களிடம் கொடுத்துத் திறந்து பார்த்தே ஆக வேண்டுமா? மேல் எது கீழ் எது என்று அறிக்கை வாங்கி நீதிமன்றத்தில் எல்லோர் முன்னாலும் படிப்பீர்களா? கொன்றேன் என்று நான் ஒப்புக்கொண்ட பிறகும் அது எதற்கு?

எழுத்தர் ஐயா, தட்டச்சு அடிப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். துண்டைப் பற்றிச் சொன்னதையெல்லாம் எடுத்துவிடுங்கள். வேறு காரணம் தருகிறேன். வீட்டுத் தகராறு என்று போடுங்கள். மாடியைக் காலி பண்ணமாட்டேன் என்று வம்பு செய்தான். போதவில்லையா? அவன் நடத்தை சரியில்லை, குடித்துவிட்டு வந்து அக்காவைக் கை நீட்டி அடித்தான் என்று எழுதுங்கள். அவள் அழுதுகொண்டே இல்லையென்பாள், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். எப்படி எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

நான்தான் கொன்றேன், மேடம். திட்டம் போட்டுக் கொன்றேன், வாசலில் நின்று "ம்" கொட்டிக்கொண்டே கொன்றேன். நீங்கள் சொல்கிற எந்தக் காரணத்துக்காக வேண்டுமானாலும் கொன்றேன். அந்த மூடியை மட்டும் திறக்காதீர்கள்.